தங்கம் ஏன் மஞ்சள் பெயின்ட் மாதிரி தெரிகிறது? உலோக எழுத்துகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக பேனர், கடைத் திறப்பு விழா போஸ்டர். இந்த மூன்றிலும் தங்க எழுத்து கேட்காத வாடிக்கையாளரை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். டிசைன் பழக வரும் தம்பி தங்கைகளின் சந்தேகங்களும் வருடா வருடம் ஒன்றேதான். ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் தனித்தனியாகத் தட்டிக் கை ஓய்ந்துபோனதால் எல்லாவற்றையும் இங்கே சேர்த்து வைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். கட்டளைப் பெயர்கள் போட்டோஷாப்பில் உள்ளவை.

1. அண்ணா, போட்டோஷாப் இல்லாம இதெல்லாம் பண்ண முடியுமா?

தாராளமாக. பிரவுசரிலேயே ஓடும் ஃபோட்டோபீ இலவசம். போட்டோஷாப்பின் பிஎஸ்டி கோப்பைத் திறக்கும், லேயர் ஸ்டைல்களும் (ஓர் அடுக்குக்கு நிழல், புடைப்பு, நிறம் சேர்க்கும் அமைப்புகள்) கிட்டத்தட்ட அதே பெயர்களில் இருக்கும். கீழே நான் சொல்வதில் பெரும்பகுதியை அதில் அப்படியே செய்யலாம். கிரிட்டாவிலும் லேயர் ஸ்டைல் உண்டு.

கிம்ப்பில் வழி கொஞ்சம் வேறு. எழுத்தின் மங்கலாக்கிய நகல் ஒன்றை வைத்துக்கொண்டு பம்ப் மேப் ஃபில்டரால் மேடுபள்ளம் கொண்டுவர வேண்டும். முன்பெல்லாம் ஒருமுறை போட்டால் போட்டதுதான், திருத்த முடியாது. 2025 மார்ச்சில் வந்த கிம்ப் 3.0 முதல் பல ஃபில்டர்களைப் பிறகும் திறந்து மாற்றிக்கொள்ளலாம் என்பதால் இப்போது பரவாயில்லை.

2. மஞ்சள் கலர்தான் குடுத்தேன். ஆனா தங்கமா தெரியல, பெயின்ட் அடிச்ச மாதிரி இருக்கு. ஏன்?

பத்துப் பேரில் எட்டுப் பேர் கேட்பது இதுதான். சுவரில் படும் வெளிச்சம் எல்லாப் பக்கமும் சிதறுகிறது. அதனால் எங்கிருந்து பார்த்தாலும் சுவர் ஏறத்தாழ ஒரே நிறம். உலோகத்தில் அந்தச் சிதறல் கிடையாது. பட்ட ஒளி மேற்பரப்பிலேயே திரும்பிவிடுகிறது. ஆக, உலோகத்தில் நாம் பார்ப்பது அதைச் சுற்றி இருப்பவற்றின் பிம்பத்தைத்தான். வீட்டுக் குத்துவிளக்கை ஜன்னலோரம் வைத்துப் பாருங்கள். ஜன்னல் ஒரு வெள்ளைக் கோடு, உங்கள் சட்டை ஒரு கறுப்புத் திட்டு, தரை ஒரு பழுப்புப் பட்டை. 'இது மஞ்சள்' என்று விரல் வைத்துக் காட்டக்கூடிய இடம் கொஞ்சம்தான்.

தங்கம் நீல ஒளியில் பெரும்பகுதியை விழுங்கிவிட்டு மற்றதைத் திருப்பி அனுப்புகிறது. அதனால் அந்தப் பிம்பங்கள் எல்லாம் மஞ்சள் தோய்ந்து தெரிகின்றன. நீங்கள் வரைய வேண்டியது மஞ்சள் கண்ணாடியில் தெரியும் ஓர் அறையை: கறுப்பை ஒட்டிய பழுப்பும் வெள்ளையை ஒட்டிய இளமஞ்சளும் அடுத்தடுத்து, நடுவில் கூர்மையான எல்லையோடு.

ஒரு சோதனை சொல்கிறேன். படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். அப்போதும் உலோகமாகத் தெரிந்தால் சரி. தெரியவில்லை என்றால் மஞ்சளை எத்தனை தடவை மாற்றினாலும் பிரயோஜனம் இல்லை.

3. அப்ப தங்கத்துக்குச் சரியான கலர் நம்பர் என்ன? வெள்ளி, செம்புக்கு?

முப்பரிமாண வரைகலையில் அளவீடுகளை வைத்துப் பயன்படுத்தும் எண்களை ஆர்ஜிபிக்கு (சிவப்பு, பச்சை, நீல அளவுகள், 0 முதல் 255 வரை) மாற்றினால் தங்கம் சுமார் 255, 226, 157. செம்பு 250, 209, 194. வெள்ளி 252, 250, 245. இரும்பு 198, 198, 200. 'தங்கம் இவ்வளவு வெளுப்பா?' என்று கேட்பீர்கள். இது வெள்ளை ஒளி ஒரே ஒரு முறை பட்டுத் திரும்பும்போது உள்ள நிறம். ஆரத்தின் இடுக்கில் ஒளி இங்கும் அங்கும் மோதித்தான் வெளியே வருகிறது. இரண்டு முறை மோதினால் சுமார் 255, 200, 95. மூன்று முறை என்றால் 255, 180, 55. நகையின் பள்ளங்கள் சிவந்து தெரிவது இதனால்தான்.

எனவே தங்கத்துக்கு ஒரு எண் போதாது, ஒரு வரிசை வேண்டும். மேடுகளில் வெளுத்த மஞ்சள், சரிவில் ஆரஞ்சு கலந்த மஞ்சள், பள்ளத்தில் செம்பழுப்பு. பள்ளத்துக்குச் சாம்பலோ கறுப்போ கொடுத்தால் தங்கம் அழுக்காகிவிடும்.

4. ஒரு தங்க எழுத்தை ஆரம்பத்துல இருந்து சொல்லித் தாங்களேன்.

தடித்த எழுத்தில் ஒரு சொல்லைத் தட்டுங்கள். பின்னணி கருஞ்சிவப்போ கரும்பச்சையோ இருக்கட்டும். வெள்ளைப் பின்னணியில் பழகத் தொடங்கினால் மனசு விட்டுப்போகும். லேயர் ஸ்டைலைத் திறந்து முதலில் கிரேடியன்ட் ஓவர்லே, அதாவது ஒரு நிறம் இன்னொன்றாக மாறிக்கொண்டே போகும் பூச்சு. மேலிருந்து கீழாக ஆறு நிற நிறுத்தங்கள்: 80, 45, 10, பிறகு 170, 110, 30, பிறகு 255, 226, 157, அதை ஒட்டியே 150, 90, 20, பிறகு 250, 210, 120, கடைசியில் 100, 60, 15. மூன்றாவதும் நான்காவதும் கிட்டத்தட்ட இடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அந்த வெடுக்கென்ற மாற்றத்தில்தான் பளபளப்பே இருக்கிறது.

அடுத்து பெவல் அண்ட் எம்பாஸ், எழுத்தின் ஓரத்தைச் சரித்துப் புடைத்துக் காட்டுவது. இன்னர் பெவல், டெக்னிக்கில் சிசல் ஹார்டு. சைஸை எழுத்துக் கோட்டின் பாதித் தடிமனுக்குக் கொண்டுபோனால் இரு பக்கச் சரிவும் நடுவில் ஒரு முகட்டில் சந்திக்கும். அது உளியால் வெட்டிய எழுத்து. அதைவிடக் குறைத்தால் மேலே தட்டையாகவும் ஓரம் மட்டும் சரிந்தும் இருக்கும். அது பெயர்ப்பலகை எழுத்து. குளோஸ் கான்டூரில் (பளபளப்பு எப்படி விழும் என்பதைத் தீர்மானிக்கும் வளைவு) ரிங் அல்லது ரிங் டபிளைத் தேர்ந்தெடுங்கள். வழக்கமான நேர்கோட்டு கான்டூர் பிளாஸ்டிக்கையே தரும்.

பலரும் விடுவது ஒன்று இருக்கிறது. ஹைலைட் நிறம் தானாக வெள்ளையாகவும் ஷேடோ நிறம் கறுப்பாகவும் இருக்கும். ஹைலைட்டை வெண்ணெய் நிறத்துக்கும் ஷேடோவை அடர் பழுப்புக்கும் மாற்றுங்கள். காரணம் 3-ஆம் பதிலில் இருக்கிறது. இந்த ஒரு மாற்றத்துக்கே பாதி தங்கம் வந்துவிடும். கடைசியாக ஸ்ட்ரோக் 2 அல்லது 3 பிக்சல், நிரப்பல் கிரேடியன்ட், வகை ஷேப் பர்ஸ்ட். எழுத்தைச் சுற்றி மெல்லிய விளிம்புக் கம்பி கிடைக்கும்.

5. நெட்ல ரெடிமேட் கோல்ட் ஸ்டைல் கிடைக்குதே, அதைப் போட்டா போதாதா?

போதும், அவசரத்துக்கு நானும் போடுகிறேன். ஆனால் அந்த ஸ்டைலைச் செய்தவர் எந்த அளவு எழுத்தில் செய்தாரோ அந்த அளவுக்குத்தான் பொருந்தும். தடித்த ஆங்கில எழுத்துக்குச் செய்ததை நம் 'ஞ'வில் போட்டால் சுழி அடைத்துக்கொள்ளும். போட்ட பிறகு உள்ளே திறந்து பெவல் சைஸையாவது சரிசெய்யுங்கள்.

6. எந்தத் தமிழ் ஃபான்ட் உலோகத்துக்கு நல்லா வரும்?

தடிமன் உள்ளது, உட்பக்க வெளி தாராளமாக உள்ளது. இலவசமாகக் கிடைப்பவற்றில் கேட்டமரன் எழுத்துருவின் பிளாக் தடிமன், பலூ தம்பி, நோட்டோ சான்ஸ் தமிழின் பிளாக் ஆகியவை எனக்குக் கைகொடுத்திருக்கின்றன. பலூ தம்பி உருண்டையாக இருப்பதால் உருக்கி ஊற்றிய தோற்றத்துக்கு ஏற்றது. கேட்டமரனில் உளி வெட்டு நன்றாக நிற்கும்.

தமிழில் சுழி அதிகம். ண, ஞ, ழ, இ இவற்றில் கோடுகள் நெருங்கி ஓடும். பெவலும் வெளி ஸ்ட்ரோக்கும் சேர்ந்தால் அந்த இடைவெளி மூடிவிடும். எனவே முதல் சோதனையை 'அம்மா'வை வைத்துச் செய்யாதீர்கள், 'இஞ்சி'யை வைத்துச் செய்யுங்கள். இஞ்சி தாங்கினால் எதுவும் தாங்கும். எழுத்துகளுக்கு இடையே வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் இடமும் விடுங்கள்.

7. 'கொ' டைப் பண்ணா கொம்பு பின்னாடி போயிடுது. என்ன செய்ய?

யூனிகோடு தமிழை மென்பொருள் சரியாகக் கோக்கவில்லை என்று அர்த்தம். போட்டோஷாப்பில் பிரிஃபரன்சஸ் போய், டைப் பகுதியில் தெற்காசிய மொழிகளுக்கான தேர்வை எடுங்கள். பதிப்பைப் பொறுத்து அது வேர்ல்ட் ரெடி என்றோ மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன் என்றோ இருக்கும். பிறகு பாரகிராஃப் பேனல் மெனுவிலும் வேர்ல்ட் ரெடி கம்போசர் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். கிம்ப்பில் இந்தத் தொல்லை கிடையாது. பாமினி மாதிரி பழைய எழுத்துருக்களில் கொம்பை நாமே முதலில் தட்டுவதால் அவை எங்கும் உடையாது. பழைய அச்சகங்கள் அவற்றை விடாமல் வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

8. எழுத்து நல்லா வருது, ஆனா மெய்யெழுத்துப் புள்ளி மட்டும் ஊசி மாதிரி துருத்துது!

ஆங்கிலப் பாடங்களைப் பார்த்துப் படித்தவர்கள் திணறும் இடம் இது. அங்கே சிறிய i, j இரண்டில்தான் புள்ளி, நமக்கு வரிக்கு நாலைந்து. வட்டத்துக்கு சிசல் ஹார்டு கொடுத்தால் எல்லாப் பக்கச் சரிவும் ஒரே நுனியில் கூடிக் கூம்பாகிவிடும். கணக்குப்படி அது சரிதான், பார்க்கத்தான் நன்றாக இல்லை.

எழுத்தை ஷேப்பாக மாற்றி, புள்ளிகளை மட்டும் வெட்டித் தனி லேயரில் வையுங்கள். அங்கே டெக்னிக்கை ஸ்மூத் ஆக்கி சைஸைக் குறைத்தால் புள்ளி உருண்டை ஆணித்தலை மாதிரி உட்காரும். இரும்பு எழுத்துக்கு இதை வேண்டுமென்றே திருகாணித்தலையாகச் செய்பவர்களும் உண்டு, நன்றாகவே இருக்கும். ஷேப்பாக மாற்றிய பிறகு எழுத்துப்பிழை திருத்த முடியாது. அசல் எழுத்து லேயரை ஒரு நகல் எடுத்து மறைத்து வைத்துவிட்டு ஆரம்பியுங்கள்.

9. லிஃப்ட் கதவுல இருக்கிற மாதிரி கோடு போட்ட ஸ்டீல் எப்படி?

புதிய லேயரை நடுச் சாம்பலால் (128, 128, 128) நிரப்புங்கள். ஆட் நாய்ஸ் 50 சதவீதம் அளவில், காஸியன், மோனோகுரோமேட்டிக் டிக் கட்டாயம். மறந்தால் வானவில் ஸ்டீல் கிடைக்கும். அதன்மேல் மோஷன் பிளர், கோணம் 0, தூரம் 200 பிக்சல். இரண்டு ஓரங்களிலும் பட்டை பட்டையாக இழுத்திருக்கும். எனவே தேவைக்கு மேல் அகலமாகச் செய்து ஓரத்தை வெட்டிவிடுங்கள். லெவல்ஸில் கொஞ்சம் கறுப்பு வெள்ளை வேறுபாட்டைக் கூட்டுங்கள்.

இதோடு நிறுத்தினால் சாம்பல் நிறத் துணி மாதிரிதான் இருக்கும். மேலே ஒரு லேயரில் வெள்ளை, கறுப்பு, வெள்ளை எனப் பட்டை கிரேடியன்ட் போட்டு சாஃப்ட் லைட்டில் வைக்க வேண்டும். அந்தப் பட்டை எந்தத் திசையில் ஓட வேண்டும் என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். கீறல்கள் கிடையாக ஓடினால் வெளிச்சம் நெட்டாக நீளும். கீறல் நெட்டாக இருந்தால் வெளிச்சம் கிடையாக. எப்போதும் கீறலுக்குக் குறுக்கே.

10. எவர்சில்வர் தட்டுல விசிறி மாதிரி ஒரு ஒளி வருமே, அது?

அதே விதிதான். தட்டிலும் மூடியிலும் கீறல்கள் வட்ட வட்டமாக இருக்கின்றன. அவற்றுக்குக் குறுக்கே என்றால் மையத்திலிருந்து வெளியே. அதனால் எதிரெதிராக இரண்டு விசிறிகள் விரிந்த மாதிரி தெரிகிறது, தட்டைச் சுழற்றினாலும் அது நகராது. நாய்ஸ் போட்டுவிட்டு மோஷன் பிளருக்குப் பதில் ரேடியல் பிளர், ஸ்பின். மேலே ஆங்கிள் வகை கிரேடியன்ட், வெள்ளையும் சாம்பலும் மாறி மாறி. முதல் நிறமும் கடைசி நிறமும் ஒன்றாக இருக்கட்டும், இல்லாவிட்டால் ஒரு வெட்டுக்கோடு விழும்.

11. குரோம் எழுத்து? பைக் சைலன்சர் மாதிரி பளபளன்னு வேணும்.

குரோம் என்றாலே நம் கண்ணுக்குப் பழகியது, காற்றுத் தூரிகை ஓவியர்கள் 1970களிலும் 80களிலும் வரைந்து தள்ளிய அந்த வாய்பாடுதான். மேலே நீல வானம், கீழே வரவர வெளுத்து, நடுவில் கறுப்பான தொடுவானக் கோடு, அதற்குக் கீழே பழுப்பு மண், திரும்ப வெளுப்பு. அப்படி ஒரு கிரேடியன்ட் போட்டாலே குரோம்தான். 2-ஆம் பதிலில் சொன்ன 'சுற்றுப்புறத்தை வரைவது' இதைவிட நேரடியாக வேறெங்கும் தெரியாது.

இன்னும் உருகிய மாதிரி வேண்டுமானால், சாம்பல் எழுத்துக்கு ஸ்மூத் பெவல் கொடுத்து ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக (அசலை உள்ளே பத்திரமாக வைத்திருக்கும் உறை மாதிரி) மாற்றி, அதன்மேல் கர்வ்ஸில் கோட்டை எம் எழுத்து மாதிரி இரண்டு முறை ஏற்றி இறக்குங்கள். மெதுவாக மாறிய சாம்பல் எல்லாம் திடீரென்று வெள்ளிக் கோடுகளாக மடியும். எந்த வளைவு நன்றாக வரும் என்று சொல்ல முடியாது, இழுத்து இழுத்துப் பார்க்க வேண்டியதுதான். எனக்கு இதில் பொழுது போவதே தெரியாது.

12. டெக்ஸ்சர் போட்டோவை எழுத்துக்குள்ள கிளிப் பண்ணா தெரியவே மாட்டேங்குது.

எழுத்து லேயரில் கிரேடியன்ட் ஓவர்லே இருக்கிறதா? அது கிளிப் செய்த படத்தையும் சேர்த்து மூடிவிடும். எழுத்து லேயரை ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக மாற்றிவிட்டு அதன்மேல் கிளிப் செய்யுங்கள், தெரியும். ஸ்டைல்கள் உள்ளே பத்திரமாக இருக்கும், இரட்டைச் சொடுக்கில் திறந்து மாற்றலாம். டெக்ஸ்சரை மல்டிப்ளை அல்லது ஓவர்லேயில் 30 முதல் 50 சதவீத ஓபாசிட்டியில் வைத்தால் போதும்.

படம் எங்கிருந்து எடுப்பது என்பது அடுத்த கேள்வியாக வரும். ஆம்பியன்ட்சிஜி, பாலி ஹேவன் தளங்களில் உரிமக் கட்டுப்பாடு இல்லாத உலோகப் படங்கள் கிடைக்கின்றன. தெருவில் இறங்கினால் இன்னும் நல்லது. பழைய ஷட்டர், தண்ணீர் டேங்கர், வண்டிப்பட்டறைத் தகடு என்று வெயில் நேரடியாக விழாத நேரத்தில் நேருக்கு நேர் நின்று எடுங்கள். என் துருப் படங்கள் எல்லாம் ஒரே ஒரு தெருவில் எடுத்தவை.

13. பழசா, துருப்பிடிச்ச மாதிரி வேணும். எல்லாத்துக்கும் ஆரஞ்சு போடலாமா?

கூடாது. செந்துரு இரும்புக்கு மட்டும்தான். செம்பு பழுத்துக் கறுத்து, பிறகு பச்சைக் களிம்பு பிடிக்கும். வெள்ளி கறுக்கும். பித்தளை மங்கிப் பழுப்பாகும், இடுக்கில் பச்சை பூக்கும். தங்கத்துக்கு ஒன்றும் ஆகாது, இடுக்கில் அழுக்கு சேரும், அவ்வளவே. தங்க எழுத்தில் துருவைத் தடவியவரிடம் 'இது முலாம் பூசின இரும்பா?' என்று கேட்டிருக்கிறேன்.

எங்கே போடுவது என்பதும் முக்கியம். புளி போட்டுத் தேய்த்த குத்துவிளக்கை நினைத்துக்கொள்ளுங்கள். கை படுகிற முகடுகள் பளீரென்று இருக்கும், புளி எட்டாத பள்ளங்கள் கறுத்தே இருக்கும். எழுத்திலும் அப்படியே: விளிம்பு தேய்ந்து மின்ன வேண்டும், உள்மூலைகளில் கறை தங்க வேண்டும். துரு தண்ணீர் வழியும் பாதையில் கீழ்நோக்கி ஒழுகும். புள்ளிக்கும் திருகாணிக்கும் கீழே ஒரு வழிசல் கோடு விட்டால் நம்பிவிடுவார்கள்.

14. எல்லாம் சரியா இருந்தும் எழுத்து பின்னணியில ஒட்டாம மிதக்குது.

முதலில் வெளிச்சத்தின் திசையைப் பாருங்கள். ஒரு கோயில் பேனரில் சாமி படத்துக்கு வலப்பக்கத்து விளக்கு, என் எழுத்துக்கு இடப்பக்கத்து விளக்கு. ஏற்றிய பிறகுதான் கண்ணில் பட்டது, விழா முடியும்வரை அந்தப் பக்கமே போகவில்லை. யூஸ் குளோபல் லைட்டை டிக் செய்து, படத்தில் வெளிச்சம் வரும் கோணத்தையே கொடுங்கள். 8-ஆம் பதிலின் புள்ளி லேயருக்கும் இது பொருந்தும். அங்கே கோணம் மாறினால் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

அப்புறம் நிழல் இரண்டு வேண்டும். எழுத்தை ஒட்டிக் குறுகலாக, அடர்த்தியாக ஒன்று. தள்ளி, அகலமாக, மெலிதாக இன்னொன்று. டிராப் ஷேடோ பக்கத்தில் இருக்கும் கூட்டல் குறியை அழுத்தினால் இரண்டாவது கிடைக்கும். கடைசியாக, பின்னணியின் நிறத்தை எழுத்தின் கீழ்ப்பக்கத்தில் லேசாகத் தடவுங்கள். சிவப்புப் பட்டின்மேல் இருக்கும் தங்கத்தில் சிவப்பு தெரியத்தானே வேண்டும்?

15. டிசைனைப் பெருசு பண்ணதும் உலோகமே போச்சு, தட்டையாயிடுச்சு.

லேயர் ஸ்டைல் அளவுகள் பிக்சலில் இருக்கின்றன. எழுத்தை மட்டும் இழுத்துப் பெரிதாக்கினால் 10 பிக்சல் பெவல் 10 பிக்சலாகவே நிற்கும். முழுக் கோப்பின் அளவை மாற்றும்போது இமேஜ் சைஸ் பெட்டியில் ஸ்கேல் ஸ்டைல்ஸ் டிக் இருக்கட்டும். தனி லேயர் என்றால் லேயர் ஸ்டைல் மெனுவில் ஸ்கேல் எஃபெக்ட்ஸ். நான் பெரிய ஃப்ளெக்ஸை நான்கில் ஒரு பங்கு அளவில், 288 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்பது) செய்கிறேன். முழு அளவுக்குப் பெரிதாக்கும்போது அது 72 ஆகிவிடும், தூரத்துப் பார்வைக்கு அது போதும். பத்திரிகை கையில் வைத்துப் பார்ப்பது, அதற்கு முழு அளவில் 300 வேண்டும்.

16. கிரேடியன்ட்ல படிப்படியா கோடு விழுது.

8 பிட்டில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான். 11-ஆம் பதிலின் கர்வ்ஸ் மாதிரி இழுத்து விரித்தால் படிகள் வெளியே தெரியும். 16 பிட்டில் வேலை செய்யுங்கள், முடிவில் 1 அல்லது 2 சதவீதம் நாய்ஸ் தூவுங்கள்.

17. ஸ்கிரீன்ல ஜொலிக்குது, அச்சுல மண் கலரா வருதே?

திரை ஒளி விடுகிறது, காகிதம் விடாது. நான்கு மையில் உண்மையான உலோகப் பளபளப்பு வராது, அதன் ஓவியம்தான் வரும். சிஎம்ஒய்கேயில் (அச்சின் நான்கு மைகள்: நீலப்பச்சை, கருஞ்சிவப்பு ரோஜா, மஞ்சள், கறுப்பு) தங்கம் என்று பலரும் தொடங்கும் கலவை 0, 20, 60, 20. தட்டையாகப் போட்டால் அது மண்தான். ஆனால் 4-ஆம் பதிலில் சொன்ன மேடுபள்ள வரிசை இருந்தால் அச்சிலும் தங்கமாகத் தேறும். கண்ணை நம்ப வைப்பது வெளிச்சத்தின் ஏற்ற இறக்கம். வேலையின் நடுவிலேயே அச்சில் எப்படி வரும் என்று திரையில் காட்டும் புரூஃப் கலர்ஸைப் போட்டுப் பார்த்துக்கொண்டே போனால் கடைசியில் அதிர்ச்சி இருக்காது.

18. வாடிக்கையாளர் 'இன்னும் மினுமினுப்பு வேணும்'னு சொல்லிட்டே இருக்கார். எவ்வளவுதான் வெள்ளையாக்குறது?

வெள்ளையைத் தொடாதீர்கள், மற்றதை இருட்டாக்குங்கள். பின்னணியை ஒரு படி இறக்கி, பழுப்பு நிறுத்தங்களை அடர்த்தியாக்கிவிட்டு அனுப்பினால் 'இப்ப சரியா இருக்கு' என்று பதில் வரும். நட்சத்திர மின்னல் போட்டே தீர வேண்டும் என்றால் ஒரு சொல்லுக்கு இரண்டு, அதுவும் 14-ஆம் பதிலின் வெளிச்சத் திசையைப் பார்த்த மூலைகளில் மட்டும்.

19. பத்திரிகைக்கு கோல்ட் ஃபாயில் போடப் போறாங்களாம். நான் செஞ்ச தங்க எழுத்தை அப்படியே அனுப்பலாமா?

அனுப்பினால் அச்சகத்திலிருந்து போன் வரும். ஃபாயில் என்பது உண்மையான உலோகப் பளபளப்புள்ள மெல்லிய தாளைச் சூட்டில் அழுத்தி ஒட்டுவது. அதற்கு அச்சு இருக்கிறதா இல்லையா என்ற இரண்டே நிலைதான். கிரேடியன்ட், பெவல், நிழல் எதுவும் அதற்குப் புரியாது. எல்லா ஸ்டைலையும் எடுத்துவிட்டு, எழுத்தை வெக்டராக, முழுக் கறுப்பில், தனிக் கோப்பாகக் கொடுங்கள். அச்சாகும் கோப்பில் அந்த இடத்தில் தங்கம் வரையாமல் பின்னணியை மட்டும் விடுங்கள். நீங்கள் வரைந்த நிழலும் ஃபாயிலின் நிஜப் பளபளப்பும் சேர்ந்தால் எழுத்து இரட்டையாகத் தெரியும்.

மெலிந்த கோடுகள் ஃபாயிலில் உதிரும், நெருங்கிய சுழிகள் மூடும். அதனால் 6-ஆம் பதிலின் இஞ்சிச் சோதனை இங்கேயும் உண்டு. வாடிக்கையாளருக்குக் காட்டவும் வாட்ஸ்அப்பில் அனுப்பவும் உங்கள் தங்க எழுத்துப் பதிப்பு தேவைப்படும், அழித்துவிடாதீர்கள். கோப்புப் பெயரில் 'ஃபாயில்' என்றும் 'பார்வைக்கு' என்றும் எழுதி வைத்தால் மாறிப்போகாது.